வாசலுக்குப் பதினான்கு காலடி

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான் உயிரோடும் வேலையோடும் இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி என்பதைப் பதிலில் எழுது.

போன் வேண்டாம், எழுது என்று நீ சொன்னதால்தான் இந்தக் கடிதம். "நீ போன்ல கத்துவ, நான் அழுவேன், அப்பா ரெண்டையும் கேட்டுட்டு சாப்பிடாம படுத்துக்குவாரு" என்றாய். சரி. மாதம் ஒரு பார்சல் எப்படியும் போய்வர வேண்டும், கடிதமும் அதிலேயே ஏறிக்கொள்ளட்டும்.

பார்சலில் இருப்பது என் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. காலையில் அப்பா எழுந்ததும் இடுப்புப் பட்டையில் மாட்டிவிடு. அப்பாவைப் போன்ற நடுக்குவாதக்காரர்களுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது முழங்காலில் ஒரு படபடப்பு வரும். கருவி அதைப் பிடித்ததும் இடுப்பில் சீராகத் தட்டும், டிக் டிக் என்று சத்தமும் கொடுக்கும். அந்தத் தாளத்துக்குக் கால் எழும். தானாகத் தட்டாவிட்டால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியும் தட்ட வைக்கலாம். எல்லாருக்கும் எழாது, பலருக்கு எழுகிறது. ஏன் என்று என்னைக் கேட்காதே. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், மூளை இல்லை.

உள்ளே ஒரு மெமரி கார்டு உண்டு. நடந்தது, நின்றது எல்லாம் நேரத்தோடு அதில் பதியும். மாதம் ஒரு தடவை கார்டை எடுத்து அனுப்பு, நான் வேறு கார்டு அனுப்புவேன். கட்டிலிலிருந்து சமையலறை வாசல் ஒன்பது காலடி, தெருப்பக்க வாசல் பதினான்கு காலடி. போன தடவை வந்தபோது என் காலால் அளந்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு எத்தனை ஆகிறது என்று பார்க்கலாம்.

இதுவரை பன்னிரண்டு கருவி விற்றிருக்கிறோம். வாங்கியவர்கள் யாரும் கார்டு அனுப்புவதில்லை. "நான் பாத்ரூமுக்கு எத்தனை தடவை போறேன்னு உனக்கு எதுக்குப்பா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஆகவே என் கையில் இருக்கும் ஒரே கால் அப்பாவுடைய கால்தான். கவனமாகச் செய்.

கார்டுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் எண்ணிக்கையில் பதில் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

உன் கருவியைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம். "முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல லெப்ட் ரைட் சொன்னவன் நான். என் இடுப்புல உக்காந்து எனக்கே லெப்ட் ரைட் சொல்லுதா இது?" என்றார். அப்புறம் அவரே அதற்குக் குட்டி மாஸ்டர் என்று பெயர் வைத்தார். இப்போது காலையில் எழுந்ததும் கேட்பது, "எங்கடி அந்தக் குட்டி மாஸ்டர், இன்னைக்கு லீவா?"

முதல் நாள் சமையலறை வாசலில் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. நான் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். டிக் டிக் என்றது. அப்பா காலைத் தூக்கினார், வாசலைத் தாண்டினார், திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ தள்ளினியா?"

"இல்லப்பா."

"அப்ப இவன்தான் தள்ளினான்."

உடனே பழைய விசிலைத் தேடி எடுத்து ஊதினார் பார். பக்கத்து வீட்டு அத்தை எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டார். நான் நூலக வேலைக்குப் போகிற நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அந்த அத்தைதான்.

ஒரு நாள் கருவியை என் இடுப்பில் மாட்டி நடக்கச் சொன்னார். "இவளுக்கு சரிப்படாது. இவ நடையே தாளம் தப்பின நடை" என்று சிரித்தார். சைக்கிள் பழகுகிறேன் என்று நீ என்னைக் கீழே தள்ளியதை மறந்துவிட்டாயா? இடது கணுக்கால் மறக்கவில்லை.

கார்டு வைத்திருக்கிறேன். நேரத்துக்குத் தூங்கு, அவசரக்குடுக்கை.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு என் சல்யூட்டைச் சொல்.

கார்டு அற்புதம்! ஒட்டிக்கொள்வதற்கு இரண்டு வினாடி முன்பே முழங்கால் படபடப்பது தனித்துத் தெரிகிறது. தெருப்பக்க வாசலுக்கு அப்பா இருபத்தாறு சின்னச் சின்ன அடி வைக்கிறார். மாதம் முழுக்க நாற்பத்தொரு தடவை ஒட்டியிருக்கிறது, முப்பத்து மூன்று தடவை கருவி எடுத்துவிட்டிருக்கிறது. இதை என் கூட்டாளியிடம் காட்டினேன். அவனை நாங்கள் ஈயம் என்றுதான் கூப்பிடுவோம், எந்நேரமும் பற்றவைத்த ஈய வாசனை அவன் சட்டையில் இருக்கும். அவனே எழுந்து நின்று கை தட்டினான். அந்த நேரம் பார்த்துக் கீழே டயர் கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினைப் போட்டார், மேசை ஆடியது, அளவுகள் எல்லாம் துள்ளின. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் லட்சணம் இது.

பெரிய செய்தி. இங்கே இயன்முறை மருத்துவமனை ஒன்று நாற்பது கருவி கேட்கிறது, அவர்களுடைய நோயாளிகளுக்கு. ஏப்ரல் கடைசிக்குள் வேண்டும். ஒரே நிபந்தனை, இன்னும் நன்றாகப் பிடிக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மாத நடை எனக்குத் தேவை. இது கைகூடினால்தான் கடை. இல்லாவிட்டால் நானும் ஈயமும் யாருக்காவது ரேடியோ பழுது பார்க்கப் போக வேண்டியதுதான்.

கார்டை மறந்துவிடாதே.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

இங்கே எல்லாம் அப்படியே. அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. டாக்டர் பார்த்தார். மாத்திரை கொஞ்சம் மாற்றியிருக்கிறார்.

கார்டில் இந்தத் தடவை அதிகம் இருக்காது.

நாற்பது கருவி என்று படித்துக் காட்டியதும் அப்பா விரல் மடக்கி நாலு பத்து எண்ணினார். "நாப்பது பேருக்கு டிரில் எடுக்கப்போறானா அவன்" என்றார். இப்போது நீ வரமாட்டாய் என்று தெரியும், வரச் சொல்லியும் எழுதவில்லை. வேலையை முடி.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நலம். அப்பாவின் காய்ச்சல் விட்டதா?

கார்டைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரி 18 வரை ஒழுங்காக இருக்கிறது. 19ஆம் தேதி காலை 7.40க்குக் கருவியைக் கீழே போட்டிருக்கிறாய். பெரிய அதிர்ச்சியாகப் பதிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கைதவறினால் சென்சார் போய்விடும் என்று உனக்குச் சொல்லவில்லையா? சோதித்துப் பார்த்து எழுது. பழுது என்றால் வேறு அனுப்புகிறேன்.

பழுது இல்லை என்றால் எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் இரண்டு நாள் என்கிறாய், கார்டு பன்னிரண்டு நாள் காலி. பாவம் பார்த்துப் படுக்க விடாதே அக்கா. எழுப்பி நடக்க வை. விட்டால் காலுக்கு நடை மறந்துபோகும். டிரில் மாஸ்டர் பெண்ணுக்கு நான் இதைச் சொல்ல வேண்டுமா?

கோபிக்காதே. கார்டு காலி என்றால் இங்கே ஆர்டரும் காலி. வேறு காலுக்கு நான் எங்கே போவேன்? வாசலில் நிற்பதுதான் எனக்கு முக்கியம். நிற்பது, பிறகு எடுத்து வைப்பது. அது நிறைய வேண்டும்.

புதிய கார்டும் புதிய பட்டையும் உள்ளே இருக்கின்றன.

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

நலம். கருவி பழுது இல்லை.

நீ கேட்டபடி கார்டு நிறைந்திருக்கிறது. வாசலில் நிற்பதும் இருக்கிறது, எடுத்து வைப்பதும் இருக்கிறது. எண்ணிப் பார்.

பட்டை பெரியது. இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

ரொம்ப ரொம்ப நலம்!

அக்கா, அப்பாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தார் அந்த டாக்டர்? அவருக்குக் கோயில் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி! இருபத்தாறு அடி வைத்துத் தெருப்பக்க வாசலுக்குப் போனவர் இப்போது பதினான்கே அடியில் போகிறார், என் கால் கணக்கு! முழங்கால் படபடப்பு அறவே இல்லை. வாசலில் வந்து அசையாமல் நிற்கிறார், பத்து வினாடி, கருவி பக்கத்தில் கை போகிறது போலிருக்கிறது, பொத்தானை அழுத்துகிறார், தாளம் தட்டுகிறது, கிளம்பிவிடுகிறார்.

இதை வைத்து புரோகிராமையே மாற்றி எழுதினேன். இனி படபடப்புக்குக் காத்திருக்க வேண்டாம், பொத்தானும் வேண்டாம், எடுத்துவிட்டேன். மூன்று வினாடி அசையாமல் நின்றால் கருவி தானாகத் தட்டும். எளிமை, சுத்தம். ஈயம் மட்டும் முனகினான். "ஒரே ஒரு காலை வச்சு ஊரையே அளக்காதடா. மாத்திரை மாறினது அவருக்கு, மத்தவங்களுக்கு இல்லையே" என்றான். "நாப்பது பேருக்குக் கால் நீ வாங்கிட்டு வர்றியா?" என்று கேட்டேன், ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டான்.

மருத்துவமனையில் மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நாற்பதும் அனுப்பியாயிற்று. நோயாளிகளுக்குக் கொடுத்தும் விட்டார்கள். அப்பாவிடம் சொல், நாற்பது பேர் அவர் தாளத்தில் நடக்கிறார்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். வார நாளில் பகல் பதினொரு மணிக்கும் நடக்கிறாரே, நடக்க வைப்பது பக்கத்து வீட்டு அத்தையா? அவருக்கு என் நன்றி.

தலைகால் புரியாத
தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

இங்கே இருக்கிறோம்.

உன் கடிதத்தை அப்பாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விசில் இப்போது தலையணை பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று ஊதினால் தண்ணீர் வேண்டும். இரண்டு ஊதினால் நான் வர வேண்டும்.

இனியும் கார்டு வேண்டுமா? போதும் என்றால் எழுது.

உன்னிடம் ஒன்று எழுத வேண்டும் என்று மூன்று நாளாகக் காகிதத்தை எடுத்து வைக்கிறேன். நல்ல செய்தி வந்த வீட்டில் அதை எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மே 22

அக்கா,

இதை எழுதும் முன் நான்கு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். இந்த மாதம் முதல் வாரத்திலிருந்தே குறை வர ஆரம்பித்தது. கடையில் வரிசையில் நின்றால் தட்டுகிறதாம். பல் தேய்க்கும்போது தட்டுகிறதாம். அடுப்பு முன்னால் நின்றால் தட்டுகிறதாம். சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். போன வாரம் ஒரு தையற்காரம்மா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. "கால் ஒட்டிக்கிச்சு தம்பி. முழங்கால் நடுங்குது. இதோ தட்டும், இதோ தட்டும்னு காத்துக்கிட்டே இருந்தேன். தட்டலை" என்றார்.

கருவி தட்டவில்லை. ஏனென்றால் அவர் அசையாமல் நிற்கவில்லை, முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை என் புதிய புரோகிராம் நடை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

திரும்பி வந்து உன் மார்ச் மாதக் கார்டை மறுபடியும் போட்டேன். எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஈயம்தான், "பஸ்ஸர்ல போட்டு ஒவ்வொரு அடியையும் சத்தமா கேட்போம்டா. கண்ணுக்கு மாட்டாதது காதுக்கு மாட்டும்" என்றான். டயர் கடை மெஷின் நிற்கும்வரை காத்திருந்து போட்டோம்.

டக், டடக். டக், டடக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பத்து வயதில் பாடம் படிக்காமல் விளையாடிக்கொண்டிருப்பேன். மாடிப்படியில் அப்பா ஏறினால் ஒரு சத்தம், நீ ஏறினால் வேறு சத்தம். நீ என்றால் தொடர்ந்து விளையாடலாம். இடது காலை நீ கொஞ்சம் நீட்டி வைப்பாய், வலதை அவசரமாக இழுத்துக்கொள்வாய். ஈயம் "என்னடா ஆச்சு?" என்றான். "எங்கக்கா வர்றா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் முழுக்க நீதான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடியும் நீதான். வாசலில் பத்து எண்ணி நின்றது நீதான். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருந்ததும் நீதான், ஆக நூலகத்தில் நீ இல்லை. போனில் என்றால் உன்னால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. எழுத்தில்கூட நீ பொய் எழுதவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். அப்பா நடந்தார் என்று ஒரு வரிகூட உன் கடிதத்தில் இல்லை. நானே எழுதி நானே குதித்திருக்கிறேன்.

நாற்பது பேர் இடுப்பில் அது இருக்கிறது அக்கா. பழைய புரோகிராமாவது பிடிக்கும், இது பிடிக்காது. இதுவரை பதினாறுதான் திரும்ப வாங்கியிருக்கிறேன். மருத்துவமனை முகவரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. வீடு வீடாகப் போகிறேன். காது கேட்காதவர்கள் நான் எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று விரட்டுகிறார்கள். ஒரு பெரியவர் தர மறுத்துவிட்டார். "தனியா நிக்கும்போது பேச்சுத் துணைக்கு டிக் டிக்னுது, இருந்துட்டுப் போகட்டுமே" என்கிறார். அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வாங்கினேன்.

இதை விட்டுவிட்டுக் கிளம்பி அங்கே வர முடியவில்லை. அங்கே வராமல் இங்கே நிற்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 19, காலை 7.40. நீ கருவியைக் கீழே போட்டாய் என்று திட்டினேன். கீழே விழுந்தது கருவி மட்டுமா?

தம்பி


மே 31

தம்பிக்கு,

போன் அடிக்கும்போது அப்பா பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்தால் நான் அழுவேன், அவர் கேட்பார். உடம்பில் காது ஒன்றுதான் இன்னும் அவர் சொன்னபடி கேட்கிறது.

19ஆம் தேதி சமையலறை வாசல். நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன். உன் கருவி சரியாகத்தான் தட்டியது, உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து, இருபது தடவை தட்டியது. கால் கேட்கவில்லை. "குட்டி மாஸ்டர் சொல்றான், என்னால முடியலையேடி" என்றார். நான் திரும்புவதற்குள் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. அறுக்கத் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எழவில்லை.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் அவசரக்குடுக்கை. கேட்டா அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவான். நாப்பது பேர் நிக்கிறாங்க அங்க." காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சலும் இருந்தது.

அப்புறம் உன் கடிதம் வந்தது. எழுப்பி நடக்க வை என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் அவரிடம் படிக்கவில்லை. கார்டு காலி என்றால் ஆர்டரும் காலி என்பதைப் படித்தேன். அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானாகத்தான் மாட்டிக்கொண்டேன். யார் வைத்தாலும் அடி அடிதானே என்று நினைத்தேன். நீ நிற்பதும் வேண்டும் என்றாய், அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பத்து எண்ணினேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "எட்டு... ஒம்போது... இப்ப எடு காலை" என்பார். அவருக்கு அது ஒரு வகுப்பு மாதிரி. மூன்று வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் பொழுது போனது அதில்தான். அவர் முழங்கால் நடுங்கியதை நானும் நடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தையற்காரம்மாவுக்கு நான் என்ன எழுத? அவர் முகவரி தெரிந்தால்கூட எனக்கு எழுத வராது. வலது கை என்றாயே. ராத்திரி எல்லாம் அதுதான் நினைவு.

நூலகத்தில் பிப்ரவரியோடு நின்றுவிட்டேன். வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு இப்போது விசில் ஊத மூச்சு இல்லை. வாயில் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நான் பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

முப்பத்தொன்று வந்துவிட்டது. இன்னும் ஒன்பது. ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், மகள் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் கதவையே திறக்கவில்லை. ஈயமும் நானும் ஆளுக்கொரு திசையில் அலைகிறோம். கடைசிக் கருவி கைக்கு வந்த அன்றே கிளம்புவேன். 20ஆம் தேதிக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் தேதி சொல்லாதே. நான் சொன்ன தேதி எதுவும் இந்த வருடம் நடக்கவில்லை.

தையற்காரம்மாவைத் தினமும் பார்க்கிறேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குக் கால் வலிச்சிருக்குமே" என்றார். அவர் உன்னை மன்னித்தாரா என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. என்னை மன்னிக்கவில்லை. அதைச் சொல்லியும்விட்டார்.

நேற்று உன் கார்டை மறுபடியும் கேட்டேன். பிழை தேடி இல்லை. சில நேரம் உன் அடி கனமாக விழுகிறது, தேய்ந்து தேய்ந்து, மூன்று அடி, நாலு அடி, பிறகு நிற்கிறது. தினமும் ஆறு தடவை, ஏறக்குறைய அதே நேரங்களில். அது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. நீ அப்பாவைத் தூக்குகிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பதினான்கு அடி, நிற்பது, பதினான்கு அடி திரும்புவது. அங்கே நீ பத்து எண்ணவில்லை. நாலு நிமிடம், ஆறு நிமிடம் நிற்கிறாய். தெருப்பக்க வாசல். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் பத்தொன்பது தடவை வாசல்வரை வந்திருக்கிறாய். ஒரு தடவைகூடப் படி இறங்கவில்லை.

இத்தனை கடிதத்திலும் அப்பாவின் காலைத்தான் கேட்டிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி எழுது.

உன் தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் அப்பாவிடம் படிக்காமல் எனக்கென்று வைத்துக்கொண்டேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று அத்தையை உட்காரவைத்துவிட்டுப் படி இறங்கினேன். தெருமுனைவரை போனேன், வெயிலில் கொஞ்சம் நின்றேன், பயமாக இருந்தது, வந்துவிட்டேன். இடுப்பில் ஒன்றும் மாட்டவில்லை, அதனால் உன்னிடம் கணக்கு இருக்காது.

அப்பா பேசி நாலு நாள் ஆகிறது. படியில் யார் ஏறினாலும் கண் மட்டும் வாசல் பக்கம் போகிறது. அத்தை என்றால் உடனே திரும்பிவிடுகிறது. நீ 20 என்று எழுதியதை நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்பதும் கிடைத்துவிட்டதா என்று தினம் நானே வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அவர் அதைக் கேட்டிருப்பார்.

கிடைக்காவிட்டாலும் வா. கிடைக்கும்வரை வராதே என்றும் எழுதத் தோன்றுகிறது. இரண்டையும் அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

கார்டு உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை நான் தொடவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து நேற்றுவரை, காலை ஆறு முதல் மாலை ஆறுவரை, அப்பாவின் இடுப்பில்தான் கட்டியிருந்தேன். பட்டையில் இன்னும் மூன்று ஓட்டை போட வேண்டியிருந்தது. அதில் ஓர் அடிகூட இருக்காது, ஆனால் முழுக்க முழுக்க அவருடையது.

எண்ணிப் பார்.

அக்கா